கம்மர்கட் பாகும் புதுத் திரையும்

எங்கள் வீட்டில் இனிப்பு செய்வது அய்யாவின் வேலை. திருவாடானைப் பக்கம் வானம் பார்த்த பூமியில் நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருந்த என் தகப்பனாருக்கு, அடுப்பங்கரையில் தெரிந்த ஒரே வித்தை கம்மர்கட். கருப்பட்டியைத் தட்டிப்போட்டுப் பாகு காய்ச்சி, தேங்காய்த் துருவலைக் கொட்டிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் உருண்டை பிடிப்பார். பதம் பார்க்க ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, எவர்சில்வர் தட்டில் போடுவார். ணங்கென்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் கிளறுவார். பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவும் அம்மா, "இந்த அக்கறைய வயல்ல காட்டியிருந்தா நாலு மூடை கூடக் கண்டிருக்கும்" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார்.

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்க மடிக்கணினி கொடுத்த வருடம், அவள் அதை அரிசி டிரம் மேல் வைத்து, அய்யா கம்மர்கட் போடுவதை வீடியோ எடுத்தாள். ஆறு நிமிடம் ஓடும். பாதி நேரம் அய்யாவின் தோளும் புகையும்தான் தெரியும். பேச்சு மட்டும் தெளிவாகக் கேட்கும். "சத்தம் கேக்குதா? கேக்கல. பொறு, பொறு. அவசரப்பட்டா பல்லுல ஒட்டும்" என்று ஊருக்கே பாடம் நடத்துவதுபோலப் பேசிக்கொண்டிருப்பார். மறு வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டார். சுவரில் மாட்ட ஒரு போட்டோ இருந்தது. அவர் குரல் அந்த வீடியோவைத் தவிர வேறு எதிலும் இல்லை.

அக்கா நர்சிங் படிக்க மதுரைக்குப் போனபோது மடிக்கணினியை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். எனக்கு ஒன்பது வயது. அய்யா போன அந்த ஒரு வருடத்தில் அம்மா அதன் பக்கம்கூட வந்ததில்லை. அதுவும் கிழடு தட்டிப்போய், பொத்தானை அமுக்கிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் விழித்திருக்காது. ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா, அய்யாவின் வருசத் திதிக்கு முந்தின வாரம் வேலைகளுக்கு ஒத்தாசையாக வந்தார். வரும்போதே பென் டிரைவில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் கொண்டுவந்திருந்தார்.

சாவு விழுந்த வீடு என்று அந்தப் பொங்கலுக்கு நாங்கள் வெள்ளையடிக்கவில்லை. திதிக்கு முன்னால் அடித்துவிட வேண்டும் என்பது வழக்கம். பானை சட்டி, டிரம், கட்டில் எல்லாம் இரண்டு நாள் வாசலில் கிடந்தன. அய்யாவின் போட்டோ வேப்பமரத்தில் சாய்ந்து நின்றது. சுண்ணாம்பு காய்ந்ததும் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்து சேர்ந்தன.

மறுநாள் சித்தப்பா மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, "இதுவும் வெள்ளையடிக்கிற மாதிரித்தான்த்தா. உள்ள கிடக்கிறத எல்லாம் எடுத்துப்புட்டுப் புதுசாக்கித் தாரேன். வேணுங்கிறது ஏதும் கிடக்கா, தனியா எடுத்துவைக்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. நீங்க பாருங்க."

வீடியோ என் ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனால் வெளியே எடுத்த சாமான் எல்லாம் திரும்ப உள்ளே வருவதைத்தானே முந்தின நாள் பார்த்திருந்தேன்? தனியாக எடுத்துவைக்கச் சொன்னால் நேரமாகும். எனக்குப் புதுத் திரையைப் பார்க்கும் அவசரம்.

அது வந்தது. பழைய திரையில் இருந்த பச்சைப் புல்வெளிப் படத்தைக் காணோம். கண்ணைப் பறிக்கும் நிறங்களில் கட்டம் கட்டமாகப் பெட்டிகள், அமுக்கினால் நகர்ந்தன. மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணாமல் சித்தப்பாவே ஒரு நிமிடம் தடுமாறினார். உன் பெயர் என்ன என்று கேட்டது. என் பெயரை அடித்தேன். அதுவரை அக்கா பேரைச் சொல்லி வரவேற்ற பெட்டி என் பேரைச் சொல்லி வரவேற்றது. மூன்று நாள் தெருவில் என்னைப் பிடிக்க முடியவில்லை.

திதிக்கு முதல் நாள் காலையில் அம்மா அடுப்பை மூட்டிக் கருப்பட்டியைத் தட்டினாள். படையலில் அவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமல்லவா. கையைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏத்தா, அய்யா மிட்டாய் போட்டாகள்ல, அந்தப் படத்தப் போடு. பக்குவத்தப் பாத்துக்கிறேன்."

நான் பெருமையாகத் திறந்தேன். தேடினேன். ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பார்த்தேன். புதுத் திரையில் எல்லாம் இருந்தது, எங்கள் வீட்டுச் சாமான் ஒன்றுகூட இல்லை. சித்தப்பாவிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் செத்துப்போனது. வெகுநேரம் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார்.

"போயிருச்சு மதினி. நான்தான் பாக்காம அழிச்சுட்டேன்" என்றார். என்னைக் கேட்டதையோ நான் சொன்ன பதிலையோ அவர் சொல்லவில்லை.

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சரி, விடுங்க தம்பி" என்றாள். சித்தப்பா வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்து வரவில்லை.

அம்மா பாகை அடுப்பில் ஏற்றினாள். நான் அடுப்பருகில் போய் நின்றேன். பக்குவம் தெரியாமல் மிட்டாய் கெட்டுப்போனால், நாளைக்கு அய்யாவுக்கு வைக்க ஒன்றும் இருக்காது, எல்லாம் என்னால். அம்மா துருவலைக் கொட்டினாள், கிளறினாள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டாள். சத்தமில்லை. மறுபடி கிளறினாள். மறுபடி போட்டாள்.

ணங்கென்று கேட்டது.

"பாத்தியாம்மா, படம் இல்லாமலே வந்துருச்சு" என்றேன்.

"ஆமாத்தா, வந்துருச்சு" என்றாள் அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, புகை என்றாள்.

எனக்கு உயிர் வந்தது. தொலைந்ததாக நினைத்த பக்குவம்தான் கிடைத்துவிட்டதே, இனிச் சித்தப்பா ஏன் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூட எரிச்சலாக இருந்தது. அத்தனை வருடம் அய்யா பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் துருவியவளுக்குப் பதம் தெரியாதா என்று எனக்குத் தோன்றவில்லை. அம்மா உருட்டிப் போடப் போட, படையலுக்கு ஒதுக்கியது போக மிச்சத்தில் நாலு உருண்டைகளை நிம்மதியாகத் தின்றேன்.