சாமிக்கு நேர்ந்த முடியும் லில்லியின் பின்பக்கமும்

லில்லி உட்காரவில்லை. முதல் அறிகுறி அவ்வளவுதான். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் அடுப்படி வாசலுக்கு வந்தாள். உட்காரப் போனாள், சுட்டுக்கொண்டவள் போல எழுந்தாள், திரும்பித் தன் பின்பக்கத்தையே பார்த்தாள். இட்லியைப் பிய்த்துப் போட்டேன். முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டாள்.

லில்லி எங்கள் வீட்டுச் சடைநாய். உடம்பு ஒரு பூனை அளவுதான் இருக்கும், மீதியெல்லாம் வெள்ளை முடி. மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தில் மேனேஜராக இருந்த மலையாளத்துக்காரர் மாற்றலாகிப் போகும்போது அவளை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்குக் குரங்கணிக்கு மேலே கொஞ்சம் ஏலக்காடு உண்டு, வீடு போடியில். வீட்டுக்காரர் ஜீப்பில் மேலே போகும்போதெல்லாம் அவளும் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள்.

நான் சொல்வது எண்பதுகளின் தொடக்கம். சடைநாய் வைத்திருப்பவர்கள் அதன் முகத்தைப் பற்றிப் பேசுவார்கள், மூக்கைப் பற்றிப் பேசுவார்கள். பின்பக்கத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நாய் சாகக் கிடக்கும்போதுதான் அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியவருகிறது. அதனால் நான் பேசுகிறேன். எனக்கு இதில் வெட்கம் கிடையாது, பெருமைதான்.

உட்கார முடியாதவள் கொஞ்ச நேரத்தில் சிமெண்டுத் தரையில் பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர ஆரம்பித்தாள்.

"வயித்துல பூச்சி இருக்கும். வேப்பங்கொழுந்த அரைச்சுக் குடு, வெரசா சரியாப் போயிரும்" என்றார் வீட்டுக்காரர். எந்த வீட்டு நாய்க்கு எது வந்தாலும் அவருக்குப் பூச்சிதான்.

கொழுந்து அரைத்துக் கொடுத்தேன். மறுநாள் அவள் முக்கி முக்கி நின்றாளே தவிர ஒன்றும் வெளியே வரவில்லை. கிட்டே போக முடியாத நாற்றம். ஒரு கையால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் வாலைத் தூக்கிப் பார்த்தேன்.

வாலுக்குக் கீழே நாய் இல்லை, வறட்டி இருந்தது. தொடை முடியும் வால் முடியும் மலத்தோடு சேர்ந்து காய்ந்து, ஒரே பாளமாக இறுகி, வழியையே அடைத்திருந்தது. மேலே ஈ மொய்த்தது. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது.

கோபம் யார் மேல் என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் வைகாசியில் லில்லிக்கு நாய்க்காய்ச்சல் கண்டு, தலை தொங்கி, மலைக்காட்டுக் குடிசையில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தாள். அப்போது என் வீட்டுக்காரர் குலசாமியை நினைத்து, 'இவ பொழச்சுட்டா வார சிவராத்திரிக்கு இவ முடிய இறக்குறேன்' என்று நேர்ந்துகொண்டார். பிள்ளைகளுக்கு நேர்ந்துகொள்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நாய்க்கு நேர்ந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். லில்லி பிழைத்தாள். நேர்ந்த முடியில் மாசி வரைக்கும் கத்தரி படக்கூடாது. அதற்கு முன்பெல்லாம் தோட்டத்துக்கு வரும் நாவிதர் அவளுக்கும் முடி குறைத்துவிடுவார். வைகாசிக்குப் பிறகு அவரை இவர் கிட்டவே விடவில்லை. ஆடி, ஆவணி, புரட்டாசி என்று மலைமழை முழுவதையும் அந்த முடி குடித்தது.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நடையில் இரண்டு எருமைகளும் ஒரு சினைப்பசுவும் எங்களுக்கு முன்னால் நின்றன. டாக்டர் வாலைத் தூக்கிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"மலவாய் அடைப்பும்மா" என்றார். (முடியில் மலம் ஒட்டிக் காய்ந்து, வெளியே வரும் வழியை மூடிவிடுவது. உள்ளே நோய் ஒன்றும் இருக்காது, ஆனாலும் கொன்றுவிடும்.) "இன்னிக்கே இந்த முடிய எடுத்தாகணும். வயிறு ஊதிக்கிட்டு வருது. ஈப்புழு வேற பிடிச்சிருக்கு." (புண்ணிலும் அழுக்கிலும் ஈ முட்டையிட்டு, அதிலிருந்து வரும் புழு. அது தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.)

"டாக்டரய்யா, அது சாமி முடி. மாசி வரைக்கும் கத்தரி படக்கூடாது" என்றார் வீட்டுக்காரர்.

டாக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நேந்துவிட்ட கிடாய்க்கு ஊசி போட்டிருக்கேன். நேந்துவிட்ட முடிக்கு எங்கிட்ட மருந்து கிடையாது. நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க, நான் அந்தப் பசுவப் பாத்துட்டு வர்றேன்."

எருமைகளுக்கு நடுவில் நின்று சண்டை போட்டோம்.

"ஏங்க, சாமிக்குக் குடுக்குறேன்னு சொன்னது எந்த முடிய? இதையா? மோந்து பாருங்க."

முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்கே குமட்டுதுல்ல? இதத்தான் சாமி முன்னாடி நீட்டப் போறீங்களா?"

அவர் லில்லியின் நெற்றியைத் தடவினார். பிறகு சொன்னார். "அவ பொழச்சதே அந்த வாக்குலதான்த்தா. இப்பக் கத்தரி வெச்சா, குடுத்த உசுரத் திருப்பி எடுத்துக்கிருமோன்னு பயமா இருக்கு."

என் கோபம் பாதி இறங்கிவிட்டது. வெட்டினால் செத்துவிடுவாள் என்று அவர் நம்பினார். வெட்டாவிட்டால் செத்துவிடுவாள் என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் அவள்தான் வேண்டும். லில்லியோ என் தோளில் தலையைச் சாய்த்து முனகிக்கொண்டிருந்தாள்.

அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் என் தோளை நானே தட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. "கல்யாணமான வருசம் நான் சாமிக்குப் பூமுடி குடுத்தனா இல்லையா?" என்றேன். மொட்டை போடாமல் கூந்தலின் நுனியை மட்டும் காணிக்கையாகக் கொடுப்பதைத்தான் பூமுடி என்போம். "கொஞ்சம் குடுத்ததுக்கு சாமி கோச்சுக்கிச்சா? இவ நெத்தி முடி சுத்தமா இருக்கு. அதுல எடுத்து மஞ்சத்துணியில முடிஞ்சு வைங்க. மாசியில மிச்சத்தக் குடுப்போம். பின்னாடி இருக்கறது முடியே இல்லங்க. அது நோவு. நோவ எந்தச் சாமி கேட்டுச்சு?"

அவர் நெற்றியைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். "நெத்தி முடிய நான் எடுக்குறேன்" என்றார். "பின்னாடி நீ பாத்துக்க."

எல்லா ஆண்களும் அப்படித்தான்.

என்னிடம் ஏலக்காயின் காம்பு நறுக்கும் சின்னக் கத்தரி இருந்தது. அந்தக் காலத்தில் போடியில் பாதி வீடுகளில் பெண்கள் உட்கார்ந்து காம்பு நறுக்குவோம். காயின் தோலில் கீறல் விழாமல் நறுக்க வேண்டும், விழுந்தால் ஒதுக்கிவிடுவார்கள். நான் நறுக்கிய காயை யாரும் ஒதுக்கியதில்லை. வீட்டுக்கு ஓடிப்போய் அதை எடுத்துவந்து வெந்நீரில் போட்டேன்.

டாக்டர் சொல்லச் சொல்ல, முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துப் பாளத்தின் மேல் போட்டு ஊறவிட்டேன். அவசரப்பட்டு இழுத்தால் முடியோடு தோலும் எழும்பி வரும், கத்தரி தோலைத்தான் வெட்டும். அதனால் பாளத்துக்கும் தோலுக்கும் நடுவில் சீப்பைச் செருகி, சீப்புக்கு மேலே மட்டும் வெட்டினேன். கத்தரியின் முனை எப்போதும் உடம்பை விட்டு விலகியே இருந்தது. வீட்டுக்காரர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பாளம் முழுதாக விழுந்தபோது உள்ளே தோல் சிவந்து கசிந்திருந்தது. டாக்டர் இடுக்கியால் புழுக்களை எடுத்தார். பிறகு எனிமா (மலவாய் வழியாகத் தண்ணீர் ஏற்றி மலத்தை இளக்குவது) கொடுத்து முற்றத்தில் இறக்கிவிட்டார்.

லில்லி நான்கு எட்டு நடந்தாள், முதுகை வளைத்தாள்.

"போயிருச்சு! ஏத்தா, போயிருச்சு!" என்று வீட்டுக்காரர் கத்தியதில் எருமைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிள்ளை முதல் வகுப்பில் தேறினால்கூட இப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

அன்று உயிர் தப்பியது. உடம்பு தேறியது மெதுவாகத்தான். புண்ணுக்கு ஊதா மருந்து போட்டதில் வெள்ளை நாய்க்கு ஊதாப் பின்பக்கம் வந்தது. வாலைத் தொட்டாலே கத்துவாள். ஒருமுறை என் மணிக்கட்டில் பல் பதித்துவிட்டாள். என் கையில் துணியைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வாள். நானும் தரையில் படுத்து, கையை நீட்டி, அவளாக வரும்வரை பேசிக்கொண்டே இருப்பேன். அடுப்பில் குழம்பு தீய்ந்த நாட்களும் உண்டு.

அடுத்த வீட்டில் இருந்த என் மதினி வாசலில் நின்று சிரிப்பாள். "வேற சோலியே இல்லையா ஒனக்கு? ஊர்ல எல்லாரும் பிள்ளைக்குக் கழுவுறாங்க, நீ நாய்க்குக் கழுவுற."

"ஆமா மதினி. பிள்ளைக செருப்பு வாங்கித் தா, சட்டை வாங்கித் தான்னு கேக்குதுக. இவ ஒண்ணும் கேக்குறதில்ல."

ஆனாலும் அவளே ஒரு வைத்தியம் சொன்னாள். நல்லெண்ணெய் தடவிவிட்டால் மலம் ஒட்டாதாம். தடவினேன். தெருப்புழுதி முழுவதும் ஒட்டிக்கொண்டு வந்தது. உங்கள் வீட்டிலும் யாராவது இதைச் சொல்வார்கள். கேட்காதீர்கள். சீயக்காயும் வேண்டாம், புண்ணில் எரியும்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது வேறு. நாய் வெளியே போய்விட்டு வந்ததும் வாலைத் தூக்கிப் பார்த்துவிட வேண்டும். ஒட்டியிருந்தால் ஈரமாக இருக்கும்போதே வெதுவெதுப்பான தண்ணீரில் பழைய வேட்டித் துணியை நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. காய்ந்துவிட்டால் அது உங்கள் நாயின் முடி கிடையாது, அடுத்த அடைப்பின் அஸ்திவாரம். மலவாயைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு முடியைக் குட்டையாக வைத்திருங்கள். வாலின் அடிப்பக்கத்தையும் உள்தொடையையும் மறந்துவிடாதீர்கள். மற்ற இடத்தில் முடி எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் வளரட்டும், வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

வயிறு இளகினால் மேலே கழுவிப் பயனில்லை. எங்கள் வீட்டில் ஆளாளுக்கு அவளுக்குப் பால் ஊற்றுவார்கள், வெல்லம் கொடுப்பார்கள். எல்லாவற்றையும் நிறுத்தினேன். வெறும் சோற்றில் வேகவைத்த பரங்கிக்காயைப் பிசைந்து வைத்தேன். மலம் கெட்டியாக, ஒட்டாமல் விழுந்தது. அதைப் பார்த்து நான் அடைந்த சந்தோஷத்தை மதினியிடம்கூடச் சொல்லவில்லை.

ஈரம்தான் பெரிய எதிரி. போடியில் வெயில் இருந்தது. மலையில் மழையும் மூடுபனியும் போட்டிபோட்டுக்கொண்டு வரும். அங்கே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சுவர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். கழுவித் துடைத்து அந்தச் சுவருக்குப் பின்பக்கத்தைக் காட்டி அவளை நிறுத்துவேன். காயோடு காயாக அவளும் உலர்ந்தாள். ஏலக்காய் வாசம் வீசும் பின்பக்கம் உள்ள நாய் ஏழு மலைக்கும் அவள் ஒருத்திதான். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்காரரைக் கேளுங்கள், ஒருகாலத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டவர்.

மார்கழி வாக்கில் ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கொல்லைப் பக்கம் போய்விட்டு வந்த லில்லி, நேராக என் முன்னால் வந்து, திரும்பி நின்று, வாலைத் தூக்கினாள். நான் கூப்பிடவில்லை. துணிகூடக் கையில் இல்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "சரித்தா, போ" என்றேன். வாலை இறக்கிக்கொண்டு போய், சிமெண்டுத் தரையில் அழுத்தமாக உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து நான் அழுதேன்.

அதற்குப் பிறகு வெளியே போய் வரும்போதெல்லாம் அப்படியே வந்து காட்டிவிட்டுத்தான் போவாள்.

மாசி வந்தது. சிவராத்திரிக்கு மலையடிவாரத்தில் இருக்கும் குலசாமி கோயிலுக்குப் போனோம். பங்காளிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். முடி இறக்கும் நாவிதர், "எங் கத்தி மனுசத் தலைக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். அதனால் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து என் காம்புக் கத்தரியால் நானே எடுத்தேன். நெற்றி முடி முடிந்த மஞ்சள் துணியோடு வெள்ளை முடியையும் தாம்பாளத்தில் வைத்து வீட்டுக்காரர் சாமி முன்னால் நின்றார். கற்பூரம் காட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து லில்லி என் பிடியை விட்டு முன்னால் போனாள். கூட்டத்தைப் பார்த்தாள். திரும்பி நின்றாள். வாலைத் தூக்கினாள்.

"ஏப்பா, சாமி முன்னாடி குண்டியக் காட்டுதுய்யா!" என்று ஒரு பங்காளி கத்த, கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கத்தரி பட்டதற்கே பயந்தவர் இதற்கு என்ன சொல்லப் போகிறாரோ என்று வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

அவர் தாம்பாளத்தைப் பூசாரி கையில் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது.

"காட்டட்டும்ய்யா" என்றார் சத்தமாக. "அத அப்படி வெச்சிருக்கறது எம் பொஞ்சாதி. சாமியும் பாக்கட்டும், நீங்களும் பாத்துக்கங்க."

நானும் பார்த்தேன். துடைத்து வைத்த வெண்கலக் கிண்ணம் போல இருந்தது.

லில்லி அதற்குப் பின் பல சிவராத்திரி பார்த்தாள். இடையில் என் கை மாறிவிட்டது. எந்த உடம்பின் எந்தப் பக்கத்தையும் அது அருவருப்பதில்லை. நேரமும் மாறிவிட்டது, மற்றவர்களுக்குக் காலை, மதியம், சாயங்காலம் என்று போன நாள், எனக்கு அவள் வெளியே போன நேரம், திரும்பி வந்த நேரம் என்று போனது. கத்தரி இன்னும் கூராக இருக்கிறது. மாட்டாஸ்பத்திரிக்கு யாராவது சடைநாயைத் தூக்கிக்கொண்டு போனால், இப்போதிருக்கும் டாக்டரும் என் வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறார். வருகிறவர்கள் நாயின் முகத்தை என்னிடம் நீட்டுகிறார்கள். நான் திருப்பிப் பிடிக்கச் சொல்கிறேன்.