சவுக்குமேட்டுக்குப் பெயர் வந்த விதம்

அடையாறு பெருகி முகத்துவாரத்துக் குடிசைகளை அடித்துக்கொண்டு போன வருஷம், நாங்கள் பதினோரு குடும்பம் தெற்கே போய், ஒரு சவுக்குத் தோப்பின் ஓரம் மணல்மேட்டில் குடிசை போட்டோம். வடக்கு ஊர் மணியக்காரர், இது எங்கள் எல்லை இல்லை என்றார். தெற்கு ஊர் மணியக்காரரும் அதையே சொன்னார். பட்டணத்துக் கணக்கிலும் நாங்கள் சேர்த்தி இல்லை.

என் வீட்டுக்காரர் அப்போது ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். பழைய விலாசத்துக்கு அவர் போட்ட கடிதங்கள் ஆளில்லை என்று திரும்பிப் போயின. மயிலாப்பூருக்கு மீன் விற்கப் போகும் வழியில் தபால்காரரை மறித்துக் கேட்டேன்.

"இப்ப கீற ஊருக்கு இன்னா பேருமா?" என்றார்.

"இன்னும் வெக்கலண்ணே."

"பேரில்லாத ஊருக்கு நான் எங்க எடுத்தாறது? அனுப்புற விலாசம் இல்லாம நீ போடுற கடுதாசியும் போவாது."

அன்று மாலையே ஆண்களிடம் சொன்னேன். கூடி உட்கார்ந்தார்கள். பாதிப் பேர் அம்மன் பெயர்தான் வைக்க வேண்டும் என்றார்கள். மாதா கோயிலுக்குப் போகிற எங்கள் பக்கத்தார் அந்தோணியார் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மாதம் இதே பேச்சு. ஒரே வலையைச் சேர்ந்து இழுத்தவர்கள் கரையேறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"எதையாச்சும் வெச்சித் தொலைங்க. நான் வெள்ளத்துல போய்ட்டேன்னு அவரு நெனச்சிக்கினு கீறாரோ இன்னாவோ" என்று கெஞ்சினேன்.

"ஆம்பளைங்க பேசிக்கினு கீறோம். நீ நடுவுல வராத அண்ணி" என்றார் என் கொழுந்தனார்.

சர்வேக்காரர் நிலம் அளக்கிற சங்கிலியோடு வந்த நாள் ஆண்கள் எல்லாரும் கடலில். தண்ணீர் சேந்திக்கொண்டிருந்த என்னிடம், "இந்த இடத்துக்குப் பேர் என்னம்மா?" என்று கேட்டார். எனக்கு எல்லாமே வெறுத்துப்போயிருந்தது. கண்ணில் பட்டதைச் சொன்னேன்: "சவுக்குமேடு." எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் இரண்டு கட்சியும் ஒன்று சேர்ந்தன, என்னைத் திட்ட. கொழுந்தனார் ஒரு வாரம் என் கையால் சோறு வாங்கவில்லை. ஆனாலும் சர்க்கார் கணக்கில் ஏறிவிட்ட அந்தப் பெயரையே சொல்லப் பழகினார்கள். வேறு பெயர் சொன்னால் தபால் வராதே.

புது விலாசத்தை எழுதி, வெள்ளம் வந்ததையும் குடிசை போனதையும் இரண்டு பக்கத்துக்கு விவரித்து ரங்கூனுக்குக் கடிதம் போட்டேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது. அடுப்படியில் நின்றபடியே பிரித்தேன்.

"சவுக்குமேடுன்னா எந்த ஊரு? என்னைக் கேக்காம யார் பேச்சைக் கேட்டு அங்க போன?"

வேறு ஒரு வரி இல்லை. என் இரண்டு பக்கத்தைப் படித்தாரா என்றுகூடத் தெரியவில்லை. காகிதத்தை எடுத்து வெள்ளத்திலிருந்து மறுபடி எழுத ஆரம்பித்தேன்.