ஜன்னலோரத்து சர்வர்

சுனாமிக்கு மறுவருஷம் மரக்காணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர் அவர். தடித்த கழுத்து. எந்தச் சாமான் மக்கர் பண்ணினாலும் முதலில் ஓங்கி அறைவார். சூடாகக் கூடாதென்று, எல்லா கம்ப்யூட்டருக்கும் நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் லினக்ஸ் பிராக்ஸி சர்வரை உப்பளத்தைப் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்தார்.

நான் ரிப்பேருக்குப் போனபோது நெட் விட்டுவிட்டு வந்தது; சர்வரில் ஒயர் செருகும் நெட்வொர்க் கார்டில் எரர் ஏறிக்கொண்டே இருந்தது.

“கேபிள் டிவிக்காரன்தான் ஒயர்ல கை வச்சிருக்கான்!” இரும்புக் கம்பியோடு கிளம்பினார். தெருவில் அலறல் கேட்டது.

நான் கார்டைக் கழற்றினேன். அதன் உலோகப் பின்களிலெல்லாம் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. வேறு கார்டு மாட்டினேன்.

திரும்பி வந்தவரின் சட்டையெல்லாம் ரத்தம்.

“ஒயர் நல்லாதாங்க இருக்குது. ஜன்னல் காத்துல கார்டை உப்பு அரிச்சிட்டுது” என்றேன்.

கையிலிருந்த கம்பியைப் பார்த்தார். பிறகு ஜன்னலை அறைந்து சாத்தினார்.

“இப்ப நெட் வருதா?”

ரத்தம் காயாத கையால் மவுஸைப் பிடித்தார்.