ஆறாவது மணல் கட்டம்

கதை கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை 5.10-லிருந்து 5.41 வரை எனக்கு நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் நான் நல்லவளாகத் தெரியமாட்டேன். அதுவும் உண்மைதான்.

என் பெயர் வினோதினி. சொந்த ஊர் உடையார்பாளையம். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். மருதையாற்றில் போய்ச் சேரும் ஒரு ஓடையில் என்னென்ன விலங்குகள் நடமாடுகின்றன என்று பார்ப்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட். எங்கள் என்றால் நானும் முத்தமிழும்.

முத்தமிழ் ஆண்டிமடத்துக்காரி. முந்திரிக்காட்டில் வளர்ந்தவள். புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். மண்ணில் குந்துவாள், விரலால் ஒரு முறை அளப்பாள், என்ன விலங்கு என்று சொல்லிவிடுவாள். ஒரு நாள் ஒரு தடத்தைப் பார்த்து நாய் என்றேன் நான்.

"மொதல்ல வெரல எண்ணுடி. நாலு. நகம் பதியல. பின்னங்கால் முன்னங்கால் தடத்து மேலயே விழுந்திருக்கு பாரு. காட்டுப்பூனை. நாய் இப்படி நடக்காது."

எங்கள் ப்ராஜெக்ட் கைடு வேணுகோபால் சார் சிரித்துவிட்டார். "வினோதினி, புக்க மூடிட்டு மண்ணப் பாரும்மா."

அன்றைக்குப் பற்றிய வயிற்றெரிச்சல் அப்புறம் அணையவே இல்லை. அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால்கூட எனக்குக் கடுப்பாக இருந்தது. மலைக்காட்டுக் கணக்கெடுப்புக் குழுவில் ஒரு வருட வேலைக்கு எங்களில் ஒருத்தியைத்தான் சார் அனுப்புவார். ஒரே ஒரு இடம். முதல் செமஸ்டரிலிருந்து முதல் மார்க் வாங்கியவள் நான். அந்த இடம் அவளுக்குப் போய்விடும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும்.

தடம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. மணலைச் சலித்து, கரையோரம் ஒரு மீட்டர் சதுரமாகப் பரப்பி வைப்போம். இரவில் எது நடந்து போனாலும் காலையில் கால் பதிந்திருக்கும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து கட்டம் போட்டுவிட்டு வந்தோம். ராத்திரி 9.20-க்கு முத்தமிழ் போன் செய்தாள்.

"அஞ்சாவது கட்டத்துக்கிட்ட எச்சம் பாத்தேன்டி. முழுக்க மீன் செதிலு. நீர்நாய்தான். காலைல ஆறரைக்கு சாரை வரச் சொல்லிருக்கேன்."

என்னிடம் சொல்லும் முன்பே சாரிடம் சொல்லியிருக்கிறாள். நீர்நாய்த் தடம் மட்டும் கிடைத்துவிட்டால் இடம் அவளுக்குத்தான். "சூப்பர்டி," என்றேன். நாலு மணிக்கு அலாரம் வைத்தேன்.

ஓடைக்கரையில் ஸ்கூட்டியை நிறுத்தியபோது மணி 5.10. போன் வெளிச்சத்தில் ஒரு நொச்சிக் கிளையை ஒடித்துக்கொண்டேன். ஒரு கட்டத்தை மட்டும் கலைத்தால் சந்தேகம் வரும். அதனால் எல்லாவற்றையும் கூட்டினேன். முதல் கட்டத்தில் கீரி. இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றில் முயல். நாலில் நரி. ஐந்தாவதில்... இருந்தது. ஐந்து விரல், விரல்களுக்கு நடுவே சவ்வு. அவ்வளவு தெளிவான நீர்நாய்த் தடம். எனக்கே கை கூசியது. அதையும் கூட்டினேன்.

கிளம்பலாம் என்று வெளிச்சத்தைத் திருப்பினேன். பத்தடி தள்ளி இன்னொரு கட்டம் தெரிந்தது.

ஆறாவது.

நாங்கள் போட்டது ஐந்து. எனக்குத் தெரியாமல் தனியாக ஒன்று போட்டிருக்கிறாள், கள்ளி. மாவு போலச் சலித்த மணல். லேசாக மஞ்சள் வாசனை. நடுவில் ஒரே ஒரு தடம். மனிதக் கால். வெறுங்கால். இடது கால். சின்னது, பெண் கால்தான். ஊர்ப் பக்கம் பார்த்து இருந்தது. பழக்கத்தில் விரலை எண்ணினேன்.

நாலு. சுண்டுவிரல் இல்லை.

அதற்கு முன்னாலும் காலடி இல்லை, பின்னாலும் இல்லை. சுற்றிலும் ஈரமண். ஒற்றைக் காலடி எப்படி வந்தது என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அவ்வளவு ஆத்திரம். ஒரே இழுப்பில் கூட்டிவிட்டேன்.

5.29.

தவளைச் சத்தம் நின்றுபோனது.

'சளக்...'

தண்ணீரிலிருந்து யாரோ காலை எடுத்த சத்தம். ஒரு முறைதான் கேட்டது. வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். யாருமில்லை.

வேகமாக நடந்தேன். இருபது அடி போனதும் என் ஷூ தடம் நினைவுக்கு வந்தது. முத்தமிழ் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள். கூட்டிக்கொண்டே போகலாம் என்று திரும்பிக் குனிந்தேன்.

வந்தபோது வைத்த தடங்கள் சரியாக இருந்தன. இப்போது திரும்பும்போது வைத்த தடங்களில்... ஷூ பதிந்த பள்ளத்துக்குள் விரல்கள்.

வலதில் ஐந்து.

இடதில் நாலு.

என் தடத்து மேலேயே அடி வைத்து வந்திருக்கிறது.

ஓர் அடி பின்னால் வைத்தேன். நான் காலை எடுத்த இடத்தில் மண் மெல்ல அமுங்கியது. முதலில் குதிகால். அப்புறம் விரல். ஒன்று... இரண்டு... மூன்று... நாலு.

எதிரே யாருமில்லை.

ஓடினேன்.

ஸ்கூட்டி கிளம்பியபோது 5.41.

மெயின்ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்போதுதான் வருபவளைப் போல ஆறரைக்கு மறுபடி போனேன். சாரும் முத்தமிழும் வந்திருந்தார்கள். ஆறாவது கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கணவனும் மனைவியும் நின்றார்கள். அந்த அம்மா கையில் பால் செம்பு. கூட்டிய மணலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நாங்க போட்ட மண்ணுங்க," என்றார் கணவர். ராசாங்கம் என்று பெயர் சொன்னார். "எங்க பொண்ணு மேகலா இந்த ஓடைலதான் முழுகிப் போயிட்டா. நேத்தோட பதினாறு நாளு. எங்க குடும்பத்துல இப்படி மண்ணு பரப்பி வெப்போம். அடி வெச்சான்னா அந்த மண்ண அள்ளிட்டுப் போயி வூட்டுல போட்டு அவள உள்ள கூப்புட்டுக்குவோம்."

சார் தயங்கித்தான் கேட்டார். "அவங்க காலடிதான்னு எப்படிங்க தெரியும்?"

"சின்னதுல சைக்கிள் செயின்ல மாட்டி எடது கால் சுண்டுவெரல் போயிடுச்சு சார். நாலு வெரலுதான் இருக்கும்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். "யம்மா, நீங்க ஏதாச்சும் பாத்தீங்களா?"

சொல்லியிருக்கலாம். உங்கள் மகள் வந்தாள், ஊர்ப் பக்கம் திரும்பித்தான் அடி வைத்திருந்தாள் என்று ஒரு வார்த்தை. சார் பக்கத்திலேயே நின்றார். ஒரே ஒரு இடம்.

"இல்லைங்க. நான் இப்பதான் வரேன்."

செம்புப் பாலை ஓடையிலேயே ஊற்றிவிட்டு அவர்கள் போனார்கள். முத்தமிழ் மட்டும் தள்ளிப் போய் ஓரிடத்தில் குந்தி வெகுநேரம் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் ஷூவைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சார் பைக்கை எடுக்கப் போனதும் கிட்டே வந்தாள்.

"வினோ, ஒன் தடத்துல எடது பக்கம் எத்தன வெரலு?"

காலடியில் இருந்த தடத்தை ஷூவால் தேய்த்தேன்.

"சார்ட்ட நான் சொல்லல. அந்தம்மாட்ட நீயே சொல்லிரு."

சொல்லவில்லை. நீர்நாய்த் தடம் கிடைக்காததால் மார்க்கைப் பார்த்து அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார்கள். இப்போது மலையில் இருக்கிறேன். வந்த முதல் வாரமே குழுத் தலைவர் கேட்டுவிட்டார், ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறவள் தடத்தில் எப்படி விரல் பதிகிறது என்று. அதிலிருந்து வரிசையில் கடைசியாகத்தான் நடக்கிறேன். திரும்பிப் பார்ப்பதில்லை.

முத்தமிழ் நேற்று போன் செய்தாள். அந்த அம்மா இன்னும் சனிக்கிழமை தவறாமல் அதே இடத்தில் மணலைச் சலித்துப் பரப்புகிறாராம். விடிவதற்கு முன் பால் செம்போடு வந்து காத்திருக்கிறாராம். இதுவரை ஒரு தடவைகூடக் காலடி விழவில்லையாம்.