உப்பில் வைத்த தலை

எங்கள் வீட்டில் கெட்டுப்போகிற எதற்கும் ஒரே வைத்தியம் உப்புதான். பழவேற்காட்டில் வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் மீன் காயவைக்கிற களம், களத்தின் ஓரமாகச் சிமெண்டுத் தொட்டிகள், தொட்டிகளில் உப்பில் ஊறும் மீன். ஐஸ் கம்பெனிக்காரர்களை வாப்பாவுக்குக் கட்டோடு பிடிக்காது. ஐஸ் என்பது வெறும் தண்ணீர், தண்ணீரை விலைக்கு விற்கிறவன் எப்படி நல்லவனாக இருப்பான் என்பது அவருடைய கட்சி. பல் வலித்தாலும் உப்பு, கால் சுளுக்கினாலும் உப்பு ஒத்தடம். உப்பு விஷயத்தில் அவரை யாரும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

உம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். கருவாட்டுக் கூடைகளை டிவிஎஸ் ஃபிஃப்டியில் கட்டிக்கொண்டு கும்மிடிப்பூண்டி கம்பெனிகள் பக்கம் போவார். அங்கே வேலைக்கு வந்தவர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளில் விற்றுவிட்டுச் சாயங்காலம் திரும்புவார். விளையாட்டுக்குப் பேர்போனவர். என் காதிலிருந்து வேர்க்கடலை எடுப்பார். செத்தவர்போல் மூச்சை அடக்கிப் படுத்துக்கொண்டு, நான் அழத் தொடங்கும் நேரம் பார்த்துக் கண்ணைத் திறப்பார். அதனால் மாமா எதைச் செய்தாலும் விளையாட்டு என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பழகிவிட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. எங்கள் தெருவில் ஒருவரிடம்கூட செல்போன் கிடையாது. மழைக்காலம் தொடங்குமுன் கிடைத்த வெயிலில் களம் முழுக்க வாளை மீன் காய்ந்துகொண்டிருந்தது. மீன் திருட வரும் நாய்களை விரட்டுவது எனக்குப் பிடித்த வேலை. அன்றைக்கு வந்த செம்பட்டை நாய் மீனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாயில் நுரை ஒழுக நேரே என்னிடம் வந்து கெண்டைக்காலைக் கவ்வியது. மாமா ஓடிவந்து அதன் பிடரியைப் பிடித்து இழுத்தார். அது என்னை விட்டுவிட்டு அவர் கையைக் கடித்தது. களத்து ஆட்கள் துடுப்பால் முதுகில் அடித்து அதைக் கொன்றார்கள்.

நாய் வாய் வைத்த இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் தேய்த்துக் கழுவவேண்டும் என்பது எங்கள் வழக்கம். உம்மா அழுதுகொண்டே என் காலையும் மாமாவின் கையையும் அப்படியே கழுவினார். வாப்பா அப்போது ஆரணிக்குச் சரக்கு கொண்டுபோயிருந்தார். மாமா கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, என்னை வண்டியில் உட்காரவைத்து, கும்மிடிப்பூண்டி போகிற வழியில் இருந்த ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். கழுவியது நல்லது, மண்தான் வேண்டாத வேலை என்றார் டாக்டர். அப்போதெல்லாம் நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுற்றித்தான் ஊசி. நான் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினேன். ஊசி எனக்கு மட்டும்தான். மாமாவுக்கு இல்லை. டாக்டரும் நர்சும் அவரோடு வெகுநேரம் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மாமா சொன்னது இதுதான். நாய்க்கு வெறி இருந்ததா என்று கண்டுபிடிக்க அதன் தலையைச் சென்னையில் உள்ள பரிசோதனைக்கூடத்துக்கு ஐஸில் வைத்துக் கொண்டுபோகவேண்டும். பெரியவர்கள் அந்த முடிவு தெரிந்தபிறகு ஊசி போட்டுக்கொண்டால் போதும். குழந்தைக்குத்தான் காத்திருக்கக் கூடாதாம்.

ஐஸ் என்றதுமே, அதற்குள் ஆரணியிலிருந்து திரும்பியிருந்த வாப்பாவின் முகம் மாறியது. "ஐஸு மீஞ்சூர் தாண்டுறதுக்குள்ள தண்ணியா பூடும். உப்புல வெச்சா ஒரு மாசமானாலும் அப்டியே இருக்கும். சரக்கப் பத்தி டாக்டருக்கு இன்னா தெரியும்?"

நாயின் நிழல் பட்டால்கூட ஒதுங்கிப் போகிற மனிதர் என் வாப்பா. களத்து ஆள் ஒருவர் வெட்டிக் கொடுத்த அந்தத் தலையைத் தன் கையாலேயே தகர டப்பாவில் வைத்தார். வெளியூர் ஆர்டருக்கு மட்டும் எடுக்கும் வெள்ளை உப்பை அடியிலும் மேலும் கொட்டி, காதுக்குள்ளும் வாய்க்குள்ளும் திணித்து, நெருக்கமாக அமுக்கினார். பிறகு கிணற்றடியில் உட்கார்ந்து மண் தேய்த்துக் கழுவினார். ஏழு முறைக்கும் மேலாகவே கழுவினார். மைத்துனனின் உயிர் அந்த டப்பாவில் இருந்தது என்று அவருக்குத் தெரியும். தனக்குத் தெரிந்த ஒரே வித்தையை அதற்காகச் செய்தார்.

மறுநாள் அந்த டப்பாவைக் கடிபட்ட மாமாவேதான் பொன்னேரியில் ரயிலேறிக் கொண்டுபோனார். பக்கத்தில் இருந்த அம்மாள் வாசனை பிடித்துக் கருவாடு என்ன விலை என்று கேட்டாளாம். இது தலைக்கறிம்மா, விற்பதற்கில்லை என்றாராம். திரும்பி வந்து இதைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் முடிவைச் சொன்னார்.

"நாய்க்கு ஒன்னும் இல்லியாம் மச்சான். உப்பு நல்லா புடிச்சிக்கினு இருக்குது, யார் போட்டதுன்னு கேட்டாங்க."

வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. உம்மா சேமியா பாயசம் காய்ச்சி அண்டை வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினார். வாப்பா கடைத்தெருவில் தன் உப்பின் பெருமையைச் சொல்லி மாளவில்லை. எனக்கு மட்டும் கோபம். நாய்க்கு ஒன்றுமில்லை என்றால் எனக்கு மட்டும் எதற்குத் தினமும் ஊசி? ஆரம்பித்ததை நடுவில் நிறுத்தக்கூடாது என்று மாமா என்னை நாள் தவறாமல் வண்டியில் கூட்டிப் போனார். ஊசி முடிந்ததும் அவர் நர்சிடம் போய் மெதுவாக ஏதோ கேட்பார். நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவாள். இன்னும் எத்தனை ஊசி என்று எனக்காகக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

ஒருநாள் வழியில் அவர் முதுகில் கிள்ளினேன். நீ மட்டும் தப்பித்துவிட்டாயே என்று சண்டை பிடித்தேன்.

"எனக்கும் சேத்துத்தான் உனக்குப் போட்றாங்க, கழுத. அழாம போட்டுக்கோ," என்றார்.

நான் இன்னும் பலமாகக் கிள்ளினேன்.

என் ஊசிகள் முடிந்தன. மாமாவின் கைக்காயமும் ஆறி மூடிக்கொண்டது. காயம் ஆறிய பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. தப்பித்துவிட்டதாக அவருக்கும் தோன்றியிருக்கவேண்டும்.

பிறகு நோன்பு மாதம் வந்தது. மாமா ஆறிய தழும்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். உப்புத்தொட்டியில் கை வைத்தால் அப்படித்தான் அரிக்கும் என்றார் வாப்பா. அடுத்த நாள் நோன்பு திறக்கும் நேரம். பாங்கு சொன்னார்கள். எல்லோரும் பேரீச்சம்பழம் கடித்துத் தண்ணீர் குடித்தோம். மாமா டம்ளரை உதட்டருகே கொண்டுபோனார். அவர் தொண்டை வெட்டி இழுத்தது. டம்ளர் கீழே விழுந்தது. பகல் முழுக்கத் தாகத்தோடு இருந்த மனிதர் தண்ணீரைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் கைதட்டிச் சிரித்தேன். இவ்வளவு நன்றாக அவர் நடித்து நான் பார்த்ததே இல்லை. உம்மா என்னை ஓங்கி அறைந்தார்.

சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை வாப்பா என்னிடம் சொன்னது நான் கல்லூரிக்குப் போன பிறகு, ஒரே ஒரு தடவை. மாமாவின் எச்சிலையும், பிடரியில் முடி முளைக்கிற இடத்திலிருந்து கிள்ளியெடுத்த துளித் தோலையும் சோதனைக்கு அனுப்பினார்கள். தோலைச் சீவிக் கண்ணாடித் துண்டில் வைத்து, வெறிநோய்க் கிருமியோடு மட்டும் ஒட்டிக்கொள்கிற ஒரு மருந்தை விட்டுத் தனி விளக்குள்ள மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம். கிருமி இருந்தால் பச்சையாக ஒளிருமாம். மாமாவின் தோல் ஒளிர்ந்தது. அந்தத் தோலை ஒரு ஃபிளாஸ்கில் வைத்து எடுத்துப் போனார்கள், அதற்குள் ஐஸ் இருந்தது, நான் பார்த்தேன் என்றார் வாப்பா.

மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்னவருக்கு உப்பில் வந்த நாய்த்தலை நினைவிருந்தது. உப்பு மூளையின் நீரையெல்லாம் உறிஞ்சி, மருந்து ஒட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் செய்துவிட்டது, இதில் பார்க்க முடியாது, வெறி என்றே வைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆஸ்பத்திரியிலேயே உடனே ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று மாமாவிடம் அன்றைக்கே சொல்லி அனுப்பியதாக அவர் வாப்பாவிடம் சொன்னார். உப்பைப் பற்றி மாமா சொன்ன பொய் யாருக்காக என்று வாப்பாவுக்கு அங்கே புரிந்தது. புரிந்த நேரத்தில் மாமாவிடம் பேச முடியவில்லை. அவரைக் கட்டிப்போட்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மாமா மௌத்தானார். முகத்தைப் பார்க்க என்னை விட்டார்கள். அவர் கண்ணைத் திறப்பார் என்று நான் அழாமலே நின்றேன்.

அந்த நோன்பு முடியும்வரை வாப்பா தன் கஞ்சியில் உப்பு போடவிடவில்லை. வாப்பாவுக்கு நாக்கு செத்துவிட்டது என்று நான் உம்மாவிடம் கோள் சொன்னேன்.

மாமாவின் எச்சில் பட்டிருக்கக்கூடும் என்று, ஏற்கெனவே போட்டுக்கொண்ட என்னைத் தவிர வீட்டில் எல்லோரையும் ஊசிக்கு வரச் சொன்னார்கள். அதே ஆஸ்பத்திரி, அதே நர்ஸ். இப்போது குளிர்பெட்டி நிறைய மருந்து இருந்தது. உம்மாவுக்கு ஊசி போட்டுவிட்டு நர்ஸ் சொன்னாள்: "அன்னிக்கி ஒரு ஆளுக்குத்தாம்மா மருந்து இருந்திச்சி. ரெண்டு பேருக்கும் பங்கு போட முடியாதுன்னு டாக்டர் சொன்னாரு. பாப்பாவுக்கே போட்ருங்க, ஊட்ல சொல்லிக்கிறேன்னாரு உங்க தம்பி. அடுத்த பெட்டி வந்துச்சா வந்துச்சான்னு தெனமும் கேட்டாரு. அது வர நாளாயிப் போச்சி."

நான் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. இன்றைக்கு எனக்கு ஊசி இல்லை என்கிற சந்தோஷம் மட்டும்தான் எனக்கு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உம்மா என்னை இழுத்து மடியில் கிடத்தினார். என் சட்டையைத் தூக்கினார். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட இடங்கள் கறுத்துப்போய்க் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் குனிந்து முத்தம் கொடுத்தார். அவர் கண்ணீர் என் வயிற்றில் சொட்டியது. எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.

"இப்ப வலிக்கல உம்மா," என்றேன்.