பென்குயின்களுக்கு வழிவிட்ட வீடு

ஓதீலியா பார்ரியாவின் வீடு இரண்டு பாறைகளுக்கு நடுவே கடலைப் பார்த்தபடி நின்றது. சீலோயே தீவின் மேற்குக் கரையில் அதைவிட நல்ல இடம் எவருக்கும் வாய்த்ததில்லை என்பது ஊராரின் கருத்து. அவளுடைய கருத்தும் அதுவே. கடற்பாசியை அரிந்து, உலர்த்தி, விற்று, பலகை பலகையாக அவளே கட்டிய வீடு அது.

பென்குயின்களைக் காக்கும் ஊர்க்குழுவை முதலில் கூட்டியவளும் அவளே. வலைநூலில் சிக்கிய பறவைகளை அக்குழுவினர் விடுவித்தனர். கோடைப் பயணிகளைக் கயிறு கட்டி எட்டவே நிறுத்தினர். ஓதீலியா ஓர் அதட்டல் போட்டால் பயணிகளும் நின்றனர், நாய்களும் நின்றன.

முந்தைய ஆண்டுப் புயல் கரையை அரித்துச் செங்குத்தாக்கிவிட்டது. முட்டையிடும் மேட்டுப் பொந்துகளுக்கு ஏற, பறவைகளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சரிவை அவளுடைய வீடு அடைத்து நின்றது. சுற்றிக்கொண்டு சாலை வழியே சென்ற ஓர் இணையை நாய்கள் கடித்துக் கொன்றன. அவற்றின் குஞ்சுகள் பொந்துக்குள் பசியால் மடிந்தன. அவற்றைப் புதைத்த கையோடு ஓதீலியா முடிவெடுத்தாள்: செப்டம்பரில் பறவைகள் திரும்புமுன் வீடு நகர வேண்டும்.

வீட்டை இழுப்பது அத்தீவுக்குப் புதிதன்று. உருளைக் கட்டைகளின்மேல் ஏற்றி, எருதுகளைப் பூட்டி, ஊரே கூடி இழுக்கும். அதற்கு மிங்கா என்று பெயர். கூலி கிடையாது, வயிறார விருந்து உண்டு. உதவி பெற்றவர், உதவியவரின் வயலில் ஒருநாள் உழைத்து ஈடுசெய்ய வேண்டும். அழைப்பவரே வாசல் வாசலாகச் சென்று கேட்பது மரபு. எவரிடமும் எதையும் கேட்டுப் பழகாத ஓதீலியா, முதலில் எலெயுதேரியோ சிகுவாயின் வேலியருகே சென்று நின்றாள். ஊரிலேயே வலுவான எருதுகள் அவருடையவை.

"என்ன தங்கச்சி, வீடு சாயுதா?"

"வீட்டுக்கு ஒரு குறையும் இல்லண்ணே. பறவைக்கு வழி விடணும்."

"அப்போ மிங்கா உனக்கில்ல, பென்குயினுக்கு!" அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "நாளைக்கு என் உருளைக்கிழங்கத் தோண்ட அதுவா வரும்?"

"அது மாதிரி கறுப்புக் கோட்டு போட்டவன் எவன் மண்வெட்டி புடிச்சான்?" என்று உள்ளிருந்து அவர் மனைவி நோர்மா குரல் கொடுத்தாள்.

ஓதீலியா சிரிக்கவில்லை. கேலியாகக் கேட்டாலும் அவர் கேட்டது நியாயமே. ஈடுசெய்ய இயலாதவருக்காக எவரும் மிங்கா கேட்பதில்லை.

"அதுங்க கடன் என் கடன்ணே. உங்க கிழங்க நான் தோண்டுறேன். இழுக்க வர்ற எல்லார் கிழங்கையும் தோண்டுறேன்."

"அத்தன வயலையுமா? முதுகு ஒடிஞ்சிரும்."

"ஒடிஞ்சா என் முதுகு. உங்க மாடு வருமா, வராதா?"

"மாட்டக் கேட்டுச் சொல்றேன்."

குறித்த நாளில் விருந்து சமைக்கக் குழி வெட்டி, கல்லைச் சுடவைத்து, சிப்பியும் இறைச்சியும் கிழங்கும் அடுக்கி, அகன்ற நால்கா இலைகளால் மூடிவிட்டு அவள் காத்திருந்தாள். மூடுபனிக்குள் ஒருவரும் தென்படவில்லை. எவரும் வராவிட்டால் என்ன செய்வது என்று அவள் எண்ணியபோது, நுகத்தடி கிறீச்சிடும் ஓசை கேட்டது. முன்னால் எலெயுதேரியோ, பின்னால் ஊர்.

"மாடு சரின்னு சொல்லிருச்சு!" என்றார் அவர்.

பாதிச் சரிவில் ஓர் உருளைக் கட்டை பிளந்தது. வீடு கடற்பக்கம் சாய்ந்தது. "கயித்த விடாதீங்கடா!" என்று கத்தியபடி நோர்மாவே கயிற்றைப் பற்றித் தொங்கினாள். ஓதீலியா தன் சுவருக்குத் தானே தோள் கொடுத்தாள். எருதுகள் மண்டியிட்டு எழுந்தன. வீடு மேட்டில் ஏறி, பொந்துகளுக்கும் பறவைகளின் வழிக்கும் விலகி அமர்ந்தது. புதிய இடத்தில் அவளுடைய சன்னலுக்குக் கடல் ஒரு கீற்றளவே தெரிந்தது. ஆனால் சரிவு முழுவதும் தெரிந்தது.

செப்டம்பரில் பறவைகள் அதே சரிவில் நேராக ஏறின.

"நன்றிகூடச் சொல்லாமப் போகுது பாரு!" என்றார் எலெயுதேரியோ. அவர் குரலிலும் பெருமை இருந்தது.

கிழங்கு அறுவடை வந்தது. சொன்ன சொல்லைக் காக்க, விடியற்காலையில் மண்கொத்தியுடன் ஓதீலியா புறப்பட்டாள். வாசலில் ஊர்க்குழுவினர் அனைவரும், ஆளுக்கொரு மண்கொத்தியுடன், அவளுக்கு முன்பே வந்து நின்றிருந்தனர். எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர்ந்தபோது, வயலோரம் திகைத்து நின்ற எலெயுதேரியோவிடம் அவள் தலைநிமிர்ந்து சொன்னாள்:

"பென்குயின் வீட்டு ஆளுங்க வந்திருக்கோம்ணே. எந்த வரப்புலருந்து ஆரம்பிக்கணும்?"