உறைமோர் கேட்டு வந்தவர்கள்

காயாத துணியின் வாடையும் உறையாத பாலின் வாடையும் சேர்ந்து வந்தால் எனக்கு இன்னமும் ஊர்தான் ஞாபகம் வருகிறது. குத்தாலத்துப் பக்கம் எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்தால் அந்த வாடைதான். நடவு முடிந்து, வயலும் வானமும் ஒரே சாம்பல் நிறமாகி, வாரக்கணக்கில் வெயில் முகம் காட்டாது. அந்த மாதங்களில் என் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். காய்ச்சல் கிடையாது, வலி கிடையாது. தலை வாரமாட்டாள், சாப்பிடமாட்டாள், கூப்பிட்டால் எங்கோ தூரத்திலிருந்து பார்ப்பாள். அதற்கு எங்கள் தெருவில் வைத்திருந்த பெயர் "மூட்டம்". "மரகதத்துக்கு மூட்டம் போட்டிருக்கு" என்பார்கள், தை வந்தால் தெளிந்துவிடும் என்பதுபோல. தெளிந்தும்விடும்.

வைத்தியம் என்று ஒன்றும் இல்லை. ஆனால் விளக்கு வைப்பதற்கு முன்னால் எதிர்வீட்டு சரோஜா அத்தை டம்ளரோடு வந்து நிற்பாள். "மரகதம், கொஞ்சம் உறைமோர் ஊத்து. இந்தக் குளிருக்குப் பாலே உறைய மாட்டேங்குது. உன் கையால ஊத்தினாத்தான் எனக்குத் தயிர்." அவள் வீட்டிலேயே பானை நிறைய மோர் இருக்கும், எனக்குத் தெரியும். நான் எடுத்துக்கொடுக்கப் போனால், "போடி, பெரிய மனுஷி" என்று விரட்டுவாள். அம்மா முனகிக்கொண்டே எழுவாள். எழுந்தவளை உட்காரவைத்து, தலையை வாரிவிட்டு, ஊர்க்கதை பேசி, அடுப்பில் ஏதாவது ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் அத்தை போவாள். மறுநாள் இன்னொருத்தி வருவாள். யார் பேசிவைத்து இப்படி முறை போட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் ஆறாவது படித்த வருஷம் அது நின்றது. தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி எங்கள் வீட்டு உறைமோரை வாங்கிப்போய் ஊற்ற, தயிர் நூல்நூலாக இழுத்தது. அதே வாரம் அவள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அடைமழைக் குளிரில் தயிர் நூலிழுப்பது ஒரு அதிசயமா? "அது மூட்டமில்ல, காத்து கருப்பு. அவ கைமோர்ல ஒட்டிக்கிட்டு வருது" என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். அப்பா எங்கிருந்தோ மந்திரித்த கயிறு வாங்கிவந்து அம்மா கையில் கட்டினார். டம்ளர்கள் வரவில்லை. சரோஜா அத்தைகூட வரவில்லை. அவள் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது.

அந்த வருஷம் அம்மா தானாகவே எழுந்தாள். அதுதான் கொடுமை. சாயங்காலமானால் டம்ளரில் மோரை ஊற்றி வாசற்படி ஓரம் வைத்துவிட்டு, "யாரும் வரலையாடி?" என்பாள். "மழைம்மா, வருவாங்க" என்பேன். புளித்துப்போனதைக் காலையில் மாட்டுத் தொட்டியில் கொட்டுவாள்.

மார்கழியில் ஒரு விடியற்காலை கொல்லைக்கதவு திறந்து கிடந்தது. அன்றைக்கு ஊரே வந்தது. குடையும் டார்ச்சுமாக வாய்க்கால் கரை நெடுகத் தேடினார்கள். டம்ளரோடு வராத கைகளெல்லாம் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தன. "கால் வழுக்கிடுச்சு" என்றார் அப்பா. அதையே எல்லோரும் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறோம்.

இப்போது தஞ்சாவூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். எதிர் ஃபிளாட்டில் திவ்யா என்ற பெண், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். மழை தொடங்கியபோது லிஃப்ட்டில், "இந்த சீசன் வந்தா எனக்கு டிப்ரஷன் வந்துடும் ஆன்ட்டி, டாக்டர் மாத்திரை குடுத்திருக்காங்க" என்று ஜலதோஷத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாவுக்கு இப்படிச் சொல்ல ஒரு வாக்கியம் கிடைத்திருந்தால்! ஆனால் சில நாளாக அவள் கதவு திறக்கவில்லை. வாசலில் பால் பாக்கெட் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைத் தாண்டிப் போனார்கள். அவளைப் பார்த்து யாருக்கும் பயமில்லை. அவளிடம் யாருக்கும் ஒரு தேவையும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம், விளக்கு வைப்பதற்கு முன்னால், டம்ளரை எடுத்துக்கொண்டு போய் மணியை அழுத்தினேன். வெகுநேரம் கழித்துக் கதவு கொஞ்சம் திறந்தது. தலை வாரியிருக்கவில்லை.

"பால் உறைய மாட்டேங்குதும்மா. கொஞ்சம் உறைமோர் குடேன்."

"உறைமோர்னா என்ன ஆன்ட்டி?"

சொன்னேன். பாக்கெட் தயிர்தான் இருக்கிறது என்று தயங்கினாள். பிறகு உள்ளே போய் ஒரு கரண்டி எடுத்துவந்து, தன் கையாலேயே என் டம்ளரில் விட்டாள். "இதுல உறையுமா?"

என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு டப்பா தயிர் இருந்தது.

"உறையலன்னா நாளைக்கும் வருவேன்" என்றேன்.